தோடர் எம்பிராய்டரி: வாங்கும்போது கைவேலை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் பழகினால் கட்டம் ஏன் நீண்டுபோகிறது?

கேள்வி: மேட்டித்துணி

வணக்கம். ரெண்டு கேள்வி, ரெண்டும் ஒரே விஷயம்தான்.

அடுத்த மாசம் ஊட்டி, கோத்தகிரி போறோம். தோடர் எம்பிராய்டரி (நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் இழை எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் போடற பூவேலை) போட்ட சால்வை ஒண்ணும் மேசை விரிப்பு ஒண்ணும் வாங்கணும். கடைக்குக் கடை விலை மூணு மடங்கு, நாலு மடங்கு வித்தியாசப்படுது. எல்லாருமே கைவேலைன்னுதான் சொல்றாங்க. எதை வெச்சு நம்புறது?

அடுத்தது, கிராஸ் ஸ்டிட்ச் ஓரளவு தெரியும். அதனால இதையும் எண்ணிப் போட்டுப் பார்க்கலாம்னு காடாத் துணியில் ஆரம்பிச்சேன். 28 இழை அகலம், 28 வரிசை உயரம்னு ஒரு சதுரம். முடிச்சுப் பார்த்தா அகலம் ஒரு அங்குலம், உயரம் ஒண்ணேகால். சாய்சதுரம் எல்லாம் பட்டம் மாதிரி நீண்டு நிக்குது. போதாக்குறைக்கு ஓரம் சுருங்கிடுச்சு, துவைச்சதும் சிவப்பு வெள்ளையில் இறங்கிடுச்சு. எங்கே தப்பு?

---

பதில் 1: ஊடைப்பாவு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தையல் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

கடையில் மூன்று வகைப் போலிகள் கிடைக்கும்: அச்சடித்தது, மெஷின் எம்பிராய்டரி, தறியிலேயே ஜக்கார்டில் (வடிவத்தைத் தானாக நெய்யும் கருவி) நெய்தது. அச்சடித்ததை விட்டுவிடுங்கள், விரலால் தடவினாலே தெரியும். ஏமாற்றுவது மற்ற இரண்டும்.

மெஷின் எம்பிராய்டரியைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளையில் மெல்லிய பாபின் நூல் ஓடும். துணி இழுபடாமல் இருக்க வைத்த காகிதம் போன்ற தாங்குதுணியின் மிச்சம் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்நூலில் பளபளப்பு இருக்கும். கூர் ஊசி கண்ட இடத்தில் குத்துவதால் துணி இழைகளே பிளந்திருக்கும். தோடர் வேலையில் ஊசி இழையைப் பிளக்காது, இழைகளுக்கு நடுவில் நுழைந்து வெளியே வரும். குண்டூசி நுனியால் ஒரு சிவப்பு நூலை லேசாகத் தூக்கினால் அது துணியின் ஊடை (குறுக்கு) இழைக்குப் பக்கத்தில் இணையாகக் கிடப்பது தெரியும். துணியோடு இறுகித் தைத்த மாதிரி இருக்காது.

ஜக்கார்டு சால்வைதான் கொஞ்சம் சிரமம், ஏனென்றால் அதிலும் நூல் ஊடைக்கு இணையாகத்தான் போகும். ஆனால் அங்கே வடிவ நூல் பெரும்பாலும் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடும். பூ இல்லாத இடத்தில் பின்பக்கம் நீளமாகத் தொங்கும், அல்லது வெட்டி விட்டிருப்பார்கள். வெட்டிய இடம் தூரிகை முடி மாதிரி நிற்கும். கைவேலையில் நூல் வடிவத்தின் ஓரம் வரை போய், அங்கேயே திரும்பி அடுத்த வரிசைக்கு வரும். திரும்பும் இடத்தில் சின்ன வளையம் தெரியும். கை எட்டும் நீளத்துக்குத்தான் நூல் கோப்பார்கள் என்பதால் வரிசைகளுக்கு நடுவே நூல் மாற்றிய இடங்களும் இருக்கும். ஒரே பூவைப் பத்து இடத்தில் எண்ணிப் பாருங்கள், எங்காவது ஓர் இழை கூடவோ குறைவாகவோ இருந்து அடுத்த வரிசையில் சரிக்கட்டியிருப்பார்கள். ஜக்கார்டில் அப்படி நேராது.

நூலைக் கொளுத்திப் பார்த்து, பிளாஸ்டிக் மாதிரி உருகினால் போலி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அக்ரிலிக் கம்பளி நூலில் தோடர் பெண்களே தைக்கிறார்கள். பையின் ஓரத்தை மெஷினில் அடித்திருப்பதும் போலிக்கு அடையாளம் இல்லை, பூவேலை கையால் போட்டதா என்பதுதான் கேள்வி. நிறத்தில் சிவப்பும் கறுப்பும் முதன்மை, நீலமும் சில சமயம் வரும்.

---

பதில் 2: மொட்டை ஊசி

உங்க கட்டம் நீண்டதுக்குக் காரணம் துணி. ஒரு அங்குலத்துக்கு ரெண்டு குண்டூசி குத்தி, பாவு (நெடுக்கு இழை) எத்தனை, ஊடை (குறுக்கு இழை) எத்தனைன்னு தனித்தனியா எண்ணிப் பாருங்க. நீங்க சொன்ன அளவை வெச்சுப் பார்த்தா பாவு 28, ஊடை 22 இருக்கணும். 28 வரிசையை 22ஆல் வகுத்தா 1.27. ஒண்ணேகால் அங்குலம் சரியா வந்துடுச்சு பாருங்க.

கிராஸ் ஸ்டிட்ச்சுல மேட்டித் துணி கட்டம் கட்டமா நெய்திருக்கும், அதனால இந்தப் பிரச்சினை தெரியாது. இதுல ஒத்தை இழையா எண்ணறோம். பாவுக்கும் ஊடைக்கும் அங்குலத்துக்கு 2 இழைக்கு மேல வித்தியாசம் இருக்கிற துணியை எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா 28 இழை அகலத்துக்கு 22 வரிசையோட நிறுத்துங்க. சாய்வுக்கு வரிசைக்கு ஒரு இழை தள்ளிட்டு வந்து, ஏறக்குறைய நாலு வரிசைக்கு ஒருமுறை ரெண்டு இழை தள்ளணும். வரும், ஆனா சாய்வுக்கோட்டுல பல் பல்லாத் தெரியும். துணியை மாத்தறதே மேல்.

இன்னொண்ணு, வெறும் துணியில் எண்ணின கணக்கு போதாது. நூல் தடிமனா இருந்தா ஊடை இழைகளை விலக்கிடும். அங்குலத்துக்கு 22 வரிசை வர வேண்டிய இடத்துல 18, 19தான் அடங்கும். அதனால முதல்ல ரெண்டு அங்குலச் சதுரம் ஒண்ணு தைச்சு, தைச்ச பிறகு அளந்து, அதை வெச்சு வடிவத்தைக் கணக்குப் போடுங்க. ரெண்டு வரிசைக்கு நடுவுல வெள்ளை தெரிஞ்சா நூல் மெல்லிசு. துணி பலகை மாதிரி விறைச்சா நூல் தடிமன்.

நேரா பூவுக்குப் போகாம, முதல்ல ஒரு நெளிக்கோடு போட்டுப் பழகுங்க. ஊடைக்கு இணையா ஊசியை ஓட்டுங்க: மூணு இழைக்கு மேல, மூணு இழைக்குக் கீழ, கடைசி வரைக்கும். அடுத்த வரிசையில் அதையே ஒரு இழை வலப்பக்கம் தள்ளி. இப்படி ஆறு வரிசை. பிறகு ஆறு வரிசை இடப்பக்கம் தள்ளி. மூணுக்கு மூணுங்கிறதால ரெண்டு பக்கமும் ஒரே அளவு நூல் தெரியும். கை இறுக்கம் சரியா இருக்கான்னு உடனே கண்டுபிடிக்கலாம்.

எங்கே தப்பும்னா, ஒரு இடத்துல மூணுக்குப் பதிலா ரெண்டு எடுத்துட்டா அந்த வரிசை முடியற வரைக்கும் எல்லாம் ஒரு இழை நகர்ந்துடும். அடுத்த வரிசை போடும்போதுதான் கண்ணுக்குத் தெரியும், அதுக்குள்ள நூறு தையல் ஓடியிருக்கும். இதுக்கு வழி: ஆரம்பிக்கும் முன்னாடியே 60 இழைக்கு ஒரு வழிகாட்டி நூல், வேற நிறத்துல, செங்குத்தா ஓட்டிடுங்க. 60 இழைன்னா மூணு மேல, மூணு கீழங்கிறது சரியா பத்து தடவை. ஒவ்வொரு வழிகாட்டி நூலையும் தொடும்போது முந்தின வரிசையைவிட சரியா ஒரு இழைதான் தள்ளியிருக்கணும். இல்லைன்னா அந்த 60க்குள்ளதான் தப்பு, அதை மட்டும் பிரிச்சாப் போதும்.

ஊசி மொட்டை முனை டேபஸ்ட்ரி ஊசி, 22 அல்லது 24. கூர் ஊசி வேண்டாம், இழையைப் பிளக்கும், பிரிக்கும்போது துணி கிழியும். வளையச் சட்டமும் வேண்டாம். துணி தொய்வா இருந்தாத்தான் ஊசியில் நாலைந்து தையலை ஒரே இழுப்புல கோர்க்க முடியும். நூல் ஒன்றரை அடி, ரெண்டு அடிக்கு மேல எடுத்தா முறுக்கிக்கும், கம்பளி நூல்னா பஞ்சு பிரியும்.

---

மேட்டித்துணி

எண்ணிப் பார்த்துட்டேன், 28க்கு 22தான்! ஓரம் சுருங்கினதுக்கும் இதுதான் காரணமா? இன்னொரு சந்தேகம், வழவழப்பா இருக்கிற பக்கம்தானே முகப்பு? சில படங்கள்ல கரடுமுரடான பக்கம் வெளியே தெரியற மாதிரி போர்த்தியிருக்காங்க.

---

பதில் 3: புகூர்

படத்தில் பார்த்தது சரிதான். தோடர்களுக்குக் கரடுமுரடாகப் புடைத்து நிற்கும் பக்கம்தான் முகப்பு. துணியின் மறுபக்கத்தைப் பார்த்துத் தைப்பார்கள். ஒவ்வொரு தையலிலும் நூலை முழுக்க இறுக்காமல் சிறிது புடைக்க விடுவதால்தான் நெய்த மாதிரியும் இல்லாமல் தைத்த மாதிரியும் இல்லாமல் அந்த மேடுபள்ளம் வருகிறது. வாங்குபவர்கள் பலர் வழவழப்பான பக்கத்தை முகப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் பயன்படுத்தும்படி முடித்திருப்பதால் அதிலும் குற்றமில்லை.

ஓரம் சுருங்கியதற்கான விடை இதிலேயே இருக்கிறது. கிராஸ் ஸ்டிட்ச் பழக்கத்தில் ஒவ்வொரு தையலையும் இறுக்கியிருப்பீர்கள். இங்கே நூல் ஒரே திசையில் நீளமாக ஓடுகிறது. ஒரு தையலில் மயிரிழை அளவு இறுக்கம் கூடினாலும் நூறு தையலில் அரை அங்குலம் இழுத்துவிடும். வரிசை முடிந்ததும் துணியை இரண்டு பக்கமும் பிடித்து ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டு, ஓரத்தில் வளையத்தை விட்டுத் திரும்புங்கள். இறுக்கித் திரும்பினால் ஓரம் கண்டிப்பாகச் சுருளும்.

இரண்டாவது காரணமும் இருக்கலாம். காடாத் துணியை நனைக்காமல் அப்படியே எடுத்தீர்களா? அதில் கஞ்சி இருக்கும், முதல் தண்ணீரில் துணி சுருங்கும். அக்ரிலிக் நூல் சுருங்காது. துணி சுருங்கி நூல் அப்படியே நின்றால் பூ போட்ட இடம் உப்பி, சுற்றி மடிப்பு விழும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து, தேய்த்த பிறகுதான் இழை எண்ண வேண்டும். நனைக்கும் முன் எண்ணிய கணக்கு நனைத்த பின் மாறிவிடும்.

சாயம் இறங்கியதைப் பார்த்தால் உங்கள் சிவப்பு நூல் பருத்தி என்று நினைக்கிறேன். அக்ரிலிக் சாதாரணமாகச் சாயம் விடாது. உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பருத்தி நூலுக்குப் பலிக்காது. தைக்கும் முன்பே நூலைச் சுடுதண்ணீரில் அலசி, தண்ணீர் தெளிவாகும் வரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி. ஈர நூலை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள், கறை விழாவிட்டால் தைக்கலாம். ஏற்கனவே இறங்கிய துணியைக் காயவிடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம், சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பெரிய வாளி நிறையத் தண்ணீர், சில சொட்டு திரவச் சோப்பு, துணி முழுக்க முங்கி மிதக்க வேண்டும். தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றுங்கள். சின்னப் பாத்திரத்தில் ஊறவைத்தால் இறங்கிய சாயம் திரும்ப வெள்ளையிலேயே ஏறும்.

வடிவங்களைப் பற்றி ஒரு சொல். தோடர் மொழியில் இந்த வேலைக்குப் புகூர் என்று பெயர், பூவை ஒட்டிய சொல். எருமைக் கொம்பு போன்ற வடிவங்கள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல, எருமைதான் அவர்கள் வழிபாட்டின் மையம். பூத்துக்குளி என்னும் போர்வையை விழாவுக்கும் போர்த்துவார்கள், இறந்தவருக்கும் போர்த்துவார்கள். மேசை விரிப்புக்கு வடிவம் தேர்ந்தெடுக்கும்போது தைப்பவரிடமே கேட்டுவிடுங்கள், எதை எதற்குப் போடலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

---

பதில் 4: கோத்தகிரிக் குளிர்

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

துணி தோடர்கள் நெய்வது இல்லை, அவர்களிடம் தறி கிடையாது. சமவெளியிலிருந்து வரும் முரட்டுப் பருத்தித் துணிதான். ஆக, விலையில் பெரும்பங்கு உழைப்புக்குரியது. அதை நீங்களே கணக்குப் போடலாம். 6 அங்குல உயரப் பட்டை ஒன்று, அங்குலத்துக்கு 24 வரிசை என்றால் 144 வரிசை. சால்வையின் அகலம் முழுக்க ஒரு வரிசை ஓட்ட 10 நிமிடம் என்று குறைவாக வைத்தாலும் 24 மணி நேரம். சால்வையின் இரண்டு முனையிலும் பட்டை இருந்தால் 48. அப்படிப்பட்ட சால்வையை 600 ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்கு 12 ரூபாய் 50 காசு ஆகிறது, அதிலும் துணி, நூல், கடைக்காரர் பங்கு போக வேண்டும். நடக்கிற காரியமா? கடையில் நிற்கும்போதே பட்டையின் உயரத்தை விரலால் அளந்து, ஒரு அங்குலத்துக்கு வரிசையை எண்ணி, பெருக்கிப் பாருங்கள். விலை ஏன் மாறுகிறது என்பது பாதி புரிந்துவிடும். ஒரே அளவுச் சால்வையில் ஒன்றில் 2 அங்குலப் பட்டை, இன்னொன்றில் 8 அங்குலப் பட்டை என்றால் இரண்டுமே கைவேலையாக இருந்தும் விலை நான்கு மடங்கு போவது நியாயம்தான்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பெயரைப் பாதுகாக்கிறது. அதற்காகக் கடையில் தொங்கும் ஒவ்வொரு துண்டையும் யாரோ சோதித்துப் பார்த்ததாக நினைக்க வேண்டாம். அட்டை தொங்கினாலும் பதில் 1இல் சொன்னபடி திருப்பிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். அதில் தைக்கும் பெண்கள் எத்தனை பேர் இருக்க முடியும் என்று யோசித்தாலே தெருவுக்குத் தெரு குவிந்திருக்கும் சால்வைகளைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம்.

எங்கே பார்ப்பது என்றால், முதலில் வாங்காமல் சும்மா பாருங்கள். ஊட்டியை ஒட்டிய முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பழைய வேலையைக் கண்ணில் ஏற்றிக்கொண்டு வந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். கோத்தகிரியில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடை, ஊட்டியில் தோடர் பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் விற்பனை, இப்படித் தைத்தவர் யார் என்று கேட்டால் பதில் வரும் இடத்தில் வாங்குங்கள். பேரம் பேசுவதற்கு முன் மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேற்புறம் ஒரு மந்து (தோடர் குடியிருப்பு) இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் போக வேண்டாம், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

கோத்தகிரி வரை வருகிறீர்கள் என்பதால் இன்னொன்று: குறும்பர் என்னும் இன்னொரு நீலகிரிப் பழங்குடியினரின் ஓவியம் கிடைத்தால் பாருங்கள். வேங்கை மரத்துப் பிசினில் வரும் செம்பழுப்பு, இலையில் எடுத்த பச்சை, மண் நிறங்கள். வேங்கைப் பிசின் தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணியால் துடைத்தால் போச்சு. லேமினேட் செய்யக் கூடாது. கண்ணாடி ஓவியத்தை நேராகத் தொடாதபடி நடுவில் அட்டை வரம்பு விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

---

மேட்டித்துணி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். துணியை வாளியில் போட்டாச்சு, மூணாவது தண்ணி மாத்தியிருக்கேன், சிவப்பு குறையுது.

கடைசியா ஒண்ணு. நல்லா வந்தா நாலு குஷன் உறை தைச்சு, "தோடர் எம்பிராய்டரி"ன்னு போட்டுத் தெரிஞ்சவங்களுக்கு விக்கலாமா?

---

பதில் 5: புகூர்

தைக்கலாம், அந்தப் பெயரில் விற்கக் கூடாது. பதில் 4இல் சொன்ன புவிசார் குறியீடு இதற்காகத்தான். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான பெயரை, பதிவு பெற்ற பயனர் அல்லாதவர் பொருளில் போடுவது உரிமை மீறல். "தோடர் பாணி", "தோடர் டிசைன்" என்று சுற்றி வளைத்தாலும் வாங்குபவர் அசலென்று நினைத்தால் சிக்கல்தான். எண்ணித் தைக்கும் முறை யாருக்கும் சொந்தமில்லை. பதில் 2இல் உள்ள நெளிக்கோடு மாதிரி உங்கள் சொந்த வடிவங்களைப் போட்டு, உங்கள் பெயரிலேயே விற்றுக்கொள்ளுங்கள்.

---

பதில் 6: மொட்டை ஊசி

குஷன் உறைக்கு ஒரு எச்சரிக்கை. சால்வையில் தையல் எவ்வளவு நீளமா இருந்தாலும் தப்பிச்சுடும். உறையில் முதுகு உரசும், மோதிரம் மாட்டும். ஒரே தையல் ஏழெட்டு இழைக்கு மேல தாண்டக் கூடாது, அஞ்சோட நிறுத்தறது நல்லது. பெரிய கட்டமா நிரப்பணும்னா நடுவுல ஒரு இழைக்குக் கீழ போய் வாங்க, தூரத்துப் பார்வைக்குத் தெரியாது.

தேய்க்கும்போது அக்ரிலிக் நூல் மேல இஸ்திரிப் பெட்டியை நேரா வெச்சா மேடு எல்லாம் அமுங்கி பளபளன்னு ஆயிடும், திரும்ப எழாது. குறைஞ்ச சூடு, மேல ஈரத்துணி, புடைச்ச பக்கம் கீழே, அதுக்கடியில் மடிச்ச துண்டு ஒண்ணு. அந்த 28க்கு 22 துணியைத் தூக்கிப் போடாதீங்க, இறுக்கம் பழகறதுக்கு அது போதும்.